சலசலக்காத காகிதம்

1942ஆம் ஆண்டு லண்டன் பிபிசி ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படம் இது. இணையத்தில் தேடினால் உடனே கிடைக்கும். மேசையைச் சுற்றிச் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள், சிலர் நிற்கிறார்கள். கவிஞர் டி. எஸ். எலியட்டை முகம் பார்த்தே கண்டுகொள்ளலாம். நிற்பவர்களில் நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர்வெல்லும் கவிஞர் வில்லியம் எம்ப்சனும் உண்டு. உட்கார்ந்திருப்பவர்களில் ஆங்கிலத்தில் எழுதிய இந்திய நாவலாசிரியர் முல்க் ராஜ் ஆனந்த் இருக்கிறார். பின்னாளில் அகில இந்திய வானொலியின் தலைமை இயக்குநரான நாராயண மேனன் இருக்கிறார். எலியட்டின் பக்கத்தில் இருப்பவர் இலங்கைத் தமிழர் தம்பிமுத்து. இருபத்துச் சொச்சம் வயதில் லண்டனுக்குப் போய், 1939இல் 'பொயட்ரி லண்டன்' என்ற இதழைத் தொடங்கி, அந்த ஊர்க் கவிஞர்களையே தன்னைத் தேடி வரவைத்தவர். அதே மேசையில் ஒரு கறுப்பினப் பெண்ணும் உட்கார்ந்திருக்கிறார். பெயர் யூனா மார்சன், ஜமைக்காக் கவிஞர், பிபிசியின் முதல் கறுப்பினப் பெண் தயாரிப்பாளர்.

இந்தப் படத்தைப் பார்க்கும் பலரும் எலியட்டிலும் ஆர்வெல்லிலும் நின்றுவிடுகிறார்கள். எனக்குக் கண் போவது யூனா மார்சன்மேல். இந்தப் படம் எடுத்த சில மாதங்களில் அவர் தொடங்கிய ஒரு வாராந்தர நிகழ்ச்சி, புத்தகக் கடையும் பதிப்பகமும் அரிதாயிருந்த மேற்கிந்தியத் தீவுகளுக்கு, அதாவது கரீபியத் தீவுக் கூட்டத்துக்கு, ஓர் இலக்கியத்தையே உண்டாக்கித் தந்தது. வானொலி இலக்கியத்தை அறிமுகம் செய்யும், எழுத்தாளரைப் பேட்டி காணும், நாவலை நாடகமாக்கித் தரும். இதெல்லாம் நமக்குப் பழக்கமானவை. ஓர் இலக்கியம் பிறக்கவே வானொலி காரணமாயிருந்தது என்றால், எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

முதலில் இத்தனை பேர் எதற்காக அங்கே கூடினார்கள்? போர்க்காலம். பெர்லினிலிருந்து சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் வானொலி இந்தியாவை நோக்கிப் பேசிக்கொண்டிருந்தது. பதிலுக்கு பிபிசியும் கீழ்த்திசைச் சேவை வழியாக இந்தியாவோடு பேசியது. 1941 ஆகஸ்டில் ஆர்வெல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அவருக்கு ஒதுக்கப்பட்டவர்கள் ஆங்கிலம் படித்த இந்திய மாணவர்கள். நேரடிப் பிரச்சாரத்தை அவர்கள் காதில் வாங்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே இலக்கியத்தைக் கையில் எடுத்தார். கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களின் பி.ஏ. பாடத்திட்டத்தை ஒட்டி உரைகள் ஏற்பாடு செய்தார். நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் அதே சேவையில் புத்தகங்களைப் பற்றித் தொடர்ந்து பேசினார். காகிதத் தட்டுப்பாட்டால் சிற்றிதழ்கள் திணறிய காலம் அது. அதனால் ஆர்வெல் காகிதமே வேண்டாத ஒரு சிற்றிதழ் நடத்திப் பார்த்தார். 'வாய்ஸ்' என்று பெயர். 1942 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஆறு இதழ்கள் காற்றில் வந்தன. அந்த மேசையும் அந்தப் புகைப்படமும் அதற்காகத்தான்.

இந்தியாவில் அதைக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்ற சந்தேகம் ஆர்வெல்லை அரித்துக்கொண்டே இருந்தது. 1943இல் வேலையை விடும்போது, பலனில்லாத காரியத்தில் தன் நேரமும் பொதுப் பணமும் வீணாகின்றன என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஆனாலும் அந்த இரண்டு வருடம் அவருக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்திருந்தது. பிறகு ஒரு கட்டுரையில் அதை எழுதினார். மேடையில் கவிதை வாசிப்பவன் எதிரே உள்ள கூட்டத்தின் முகத்தைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்கிறான். ஒலிவாங்கிக்கு முன்னால் கூட்டம் இல்லை. லட்சம் பேர் கேட்கலாம், ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாக, தனக்கென்றே சொல்வதுபோல் கேட்கிறார்கள். கவிதைக்கு வேண்டியது அந்த ஒற்றைக் காதுதான் என்பது அவர் வாதம்.

நம் ஊருக்கு இது முழுக்கப் பொருந்தாது. பஞ்சாயத்து ரேடியோவும் பூங்காவில் கம்பத்தின்மேல் கட்டிய ஒலிபெருக்கியும் டீக்கடைப் பெட்டியும் தமிழருக்கு வானொலியைக் கூடிக் கேட்கும் பொருளாகவே பழக்கின. தனிக்காது நமக்கு டிரான்சிஸ்டர் வந்தபின் வாய்த்தது.

யூனா மார்சனுக்கு வருவோம். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பிரிட்டிஷ் படைகளிலும் தொழிற்சாலைகளிலும் சேர வந்தவர்கள் ஊருக்குச் செய்தி சொல்ல ஒரு நிகழ்ச்சி இருந்தது. 'அம்மா, நான் நலம்' என்கிற வகை. அதை நடத்தியவர் அவர். அந்த நிகழ்ச்சிக்குள்ளேயே கவிதைக்கும் கதைக்கும் ஓர் இடம் ஒதுக்கினார். 1943 மார்ச்சில் அது 'கரீபியன் வாய்சஸ்' என்ற பெயரில் தனி நிகழ்ச்சியாகியது. 'வாய்ஸ்' மேசையில் உட்கார்ந்து பார்த்ததைத் தன் தீவுகளுக்குக் கொண்டுபோனார் என்று சொல்லலாம். 1946இல் உடலும் மனமும் தளர்ந்து அவர் ஜமைக்கா திரும்பினார். அதன்பின் பல பத்தாண்டுகள் இந்த நிகழ்ச்சியின் வரலாற்றைச் சொன்னவர்கள் அவர் பெயரை ஒரு வரியில் முடித்துவிட்டு அடுத்தவரிடம் போனார்கள். வருத்தம் தரும் விஷயம் இது. தொடங்கியவர் இல்லையென்றால் வளர்த்தவருக்கு வளர்க்க எதுவும் இருந்திருக்காது.

வளர்த்தவர் ஹென்றி ஸ்வான்சி, ஓர் ஐரிஷ்காரர். 1946 முதல் 1954 வரை நிகழ்ச்சி அவர் கையில் இருந்தது. அவர் செய்ததன் பெருமை புரிய வேண்டுமானால் தீவுகள் அன்று இருந்த நிலை தெரிய வேண்டும்.

நமக்கு மேற்கிந்தியத் தீவுகள் என்றதும் ஒரே அணி, ஒரே தொப்பி நினைவுக்கு வரும். கிரிக்கெட் செய்த வேலை அது. உண்மையில் ஜமைக்காவின் கிங்ஸ்டனுக்கும் டிரினிடாட்டின் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கும் நடுவே ஆயிரம் மைலுக்கு மேல் கடல் கிடக்கிறது. ஒரு தீவில் எழுதுவது இன்னொரு தீவுக்குத் தெரியாது. பார்படோஸில் 'பிம்', பிரிட்டிஷ் கயானாவில் 'கைக்-ஓவர்-ஆல்', ஜமைக்காவில் 'ஃபோகஸ்' என்று விரல்விட்டு எண்ணும்படி சில சிற்றிதழ்கள் இருந்தன. எழுதிப் பிழைக்கலாம் என்று யாரும் கனவிலும் நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வேர்ட்ஸ்வர்த்தின் டாஃபடில் பூக்களை மனப்பாடம் செய்தார்கள். அந்தப் பூவை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. பார்படோஸ் கவிஞர் கமாவ் பிராத்வெய்ட் பிற்பாடு இதைத்தான் சொன்னார்: விழாத பனியை வர்ணிக்க எங்களுக்குச் சொல் இருந்தது, வருடா வருடம் கூரையைப் பிடுங்கும் புயலை வர்ணிக்க அசை இல்லை.

ஸ்வான்சி கேட்டது அந்தப் புயலை. ஊர் மணம் உள்ளதை அனுப்புங்கள், உங்கள் மக்கள் பேசுவதுபோல் எழுதுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கதைகள் கிங்ஸ்டனில் இருந்த கிளாடிஸ் லிண்டோ என்பவரிடம் போய்ச் சேரும். அவரும் கணவர் செட்ரிக்கும் படித்துப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்புவார்கள். லண்டனில் ஸ்வான்சி மறுபடி பொறுக்குவார். வாசிக்க ஆள் பிடிப்பார், அதுவும் முடிந்தவரை தீவுக்காரராகவே தேடுவார். ஞாயிற்றுக்கிழமை அரைமணிக்கும் குறைவான நேரம், சிற்றலையில் அந்தக் கதை அட்லாண்டிக்கைத் தாண்டித் திரும்பி வரும். செயின்ட் லூசியாவில் ஒருவன் எழுதியதை டிரினிடாட்காரன் கேட்க, அது முதலில் நாலாயிரம் மைல் வடகிழக்கே போய் வர வேண்டியிருந்தது. ஆனாலும் கேட்டான். அடுத்த தீவிலும் தன்னைப்போல் ஒருவன் எழுதுகிறான் என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்வான்சி தானே ஒலிவாங்கிக்கு முன் உட்கார்ந்து, வந்த படைப்புகளைப் பற்றி ஒரு கணக்கெடுப்புப்போலப் பேசுவார். எது தேறியது, எது தேறவில்லை, எங்கே இரவல் குரல் கேட்கிறது என்று. லண்டன் விமர்சகர்களையும் வரவழைத்து அலசவைத்தார். பரிசளிப்பு விழாப் பேச்சாக இல்லாமல் கறாரான விமர்சனமாகவே அது இருந்தது. கவிதை திரும்பி வந்தவர்களுக்குக் கோபமும் வந்தது. ஆனால் ஓர் இளம் எழுத்தாளனை மதித்து, அவன் வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு இது ஏன் நிற்கவில்லை என்று சொல்வது அவனுக்குச் செய்யும் பெரிய மரியாதை. சிற்றிதழ் நடத்திய நம் பெரியவர்கள் சிலரும் அதைத்தான் செய்தார்கள்.

பணமும் வந்தது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் இலக்கிய வரலாற்றை எழுதும்போது நாம் ஏனோ சம்பளத்தை மட்டும் விட்டுவிடுகிறோம். ஒரு கதை ஒலிபரப்பானால் பிபிசி காசோலை வரும். தீவில் அது ஒரு தொகை. லண்டனுக்கு வந்து சேர்ந்துவிட்டவர்களுக்கோ அது அறை வாடகை. அடுத்தவர் கதையை வாசித்தாலும் கூலி உண்டு. முகம் கொஞ்சம் வாடியிருந்தாலே ஸ்வான்சி கண்டுகொள்வார், தன்மானம் நோகாதபடி ஏதாவது ஒரு வாசிப்பு வேலையைக் கொடுத்துவிடுவார் என்று பார்படோஸ் நாவலாசிரியர் ஜார்ஜ் லாமிங் எழுதியிருக்கிறார்.

அந்த லாமிங் 1950இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியபோது, அதே கப்பலில் இன்னொருவரும் இருந்தார். டிரினிடாட்டின் சான் ஃபெர்னாண்டோவில் 1923இல் பிறந்தவர், பெயர் சாமுவேல் செல்வோன். தந்தை மதராஸிலிருந்து போன கிறிஸ்தவர். தாய்வழித் தாத்தா ஸ்காட்லாந்துக்காரர். ஆங்கிலத்தில் அந்தக் குடும்பப் பெயரை எப்படி எழுதினாலும் தமிழ்க் காதில் 'செல்வன்' என்றுதான் விழுகிறது. அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. டிரினிடாட்டின் கிரியோல் என்ற கலப்பு ஆங்கிலப் பேச்சில் வளர்ந்தவர். நம்மவர் என்று கொண்டாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. கரும்புத் தோட்டக் காலத்தில் கடல் தாண்டிப் போன எத்தனையோ பேரின் பெயர்கள் அங்கே உச்சரிப்பு மாறிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்று ஆங்கில நாவலின் மொழியையே மாற்றிய புத்தகத்தின் அட்டையில் இருக்கிறது. அதைப் பார்க்கையில் மனம் கொஞ்சம் அசையத்தான் செய்கிறது.

செல்வோன் போர்க்காலத்தில் கடற்படையின் டிரினிடாட் பிரிவில் கம்பியில்லாத் தந்தி இயக்குநராக இருந்தவர். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இரைச்சலுக்கு நடுவே சேதியைப் பிரித்தெடுப்பது அவர் தொழில். பிறகு பத்திரிகை வேலை. கதைகள் 'கரீபியன் வாய்சஸ்' நிகழ்ச்சியில் ஒலிபரப்பாகின. லண்டனுக்கு வந்து, குளிரில் வேலை தேடி அலைந்த தீவுக்காரர்களைப் பற்றி 'தி லோன்லி லண்டனர்ஸ்' நாவலைத் தொடங்கினார். முதலில் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தார். ஓடவில்லை. பாத்திரங்கள் பேசும்போது உயிர் வருகிறது, கதை சொல்கிறவன் வாய் திறந்தால் போய்விடுகிறது. கடைசியில் கதை சொல்கிறவனையும் அதே தீவுப் பேச்சில் பேசவிட்டார். நாவல் தானாக ஓடியது. 1956இல் வெளிவந்தது.

தமிழ் வாசகருக்கு இந்தச் சிக்கலை விளக்கவே வேண்டாம். மேற்கோள் குறிக்குள் வட்டார வழக்கு, வெளியே இலக்கணத் தமிழ் என்றுதான் நம் கதைகளும் வெகுகாலம் இருந்தன. குறிக்குள் இருந்த பேச்சு வேலியைத் தாண்டி ஆசிரியர் கூற்றுக்குள் நுழைய எவ்வளவு நாளாயிற்று, அதற்கு எத்தனை வசவு விழுந்தது என்பது கரிசல் கதைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். செல்வோன் வேலியைத் தாண்டியதில் வானொலிக்கும் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அச்சில் வட்டார வழக்கு பிழைபோலத் தோன்றும். எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும். ஒலிபெருக்கியில் அப்படியில்லை. வாசிப்பவர் ஊர்க்காரராக இருந்தால் அது பேச்சு, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக் குரல். அரசாங்கச் செய்தி வந்த அதே பெட்டியில் அந்தக் குரல் வருகிறது என்றால் அதற்கு ஒரு மரியாதையும் தானாக வந்துவிடுகிறது.

பிராத்வெய்ட் இதைப் பற்றி ஒரு விஷயம் சொல்கிறார். முதலில் படித்தபோது வியந்துபோனேன். தங்கள் தலைமுறைக் கவிஞர்கள் பேச்சுநடைக்கு வர உதவியவற்றில் இரண்டைக் குறிப்பிடுகிறார். ஒன்று, ஒலித்தட்டில் கேட்ட டி. எஸ். எலியட்டின் வறண்ட, உரையாடுவதுபோன்ற குரல். மற்றொன்று கிரிக்கெட் வர்ணனை. ஜான் ஆர்லட்டின் வர்ணனை. பிபிசி என்றால் மேட்டுக்குடி உச்சரிப்பு என்று இருந்த நாளில், ஆர்லட் தன் ஹாம்ப்ஷயர் நாட்டுப்புறக் கொச்சையை மாற்றிக்கொள்ளாமல், நிதானமாக, படிமம் படிமமாக ஆட்டத்தைச் சொன்னார். இங்கிலாந்துக்காரனே தன் ஊர்ப் பேச்சில் பேசலாம், அதுவும் பிபிசியில் பேசலாம் என்றால் நாம் ஏன் பேசக்கூடாது?

இந்த ஆர்லட் யார் என்று தேடிப்போனால் பழைய மேசைக்கே வந்து சேர்கிறோம். போலீஸ்காரராக இருந்து கவிதை எழுதியவர். 1945இல் பிபிசியில் வெளிநாட்டு ஒலிபரப்பின் இலக்கியத் தயாரிப்பாளராகச் சேர்ந்தார். முன்பு ஆர்வெல் பார்த்த வேலை. அடுத்த ஆண்டு இந்திய அணி இங்கிலாந்துக்கு வந்தது. இந்திய நேயர்களுக்கு ஆட்டத்தைச் சொல்ல ஆள் வேண்டும், கிரிக்கெட் தெரிந்த ஆள் கீழ்த்திசைச் சேவையிலேயே இருக்கிறாரே என்று அவரை அனுப்பினார்கள். அப்படித்தான் அவர் வர்ணனையாளரானார். இந்தியாவுக்காகத் திறந்த வாய் பார்படோஸ் பையன் ஒருவனின் காதில் விழுந்து கவிதையாகியிருக்கிறது. கிரிக்கெட்டைத் தமிழில் வர்ணித்த சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புரியும். பந்து எல்லைக் கோட்டைத் தொடுவதற்குள் ஒரு நல்ல வாக்கியம் முடிந்திருக்க வேண்டும் என்பது சாதாரணப் பயிற்சி அல்ல.

புகழ்ச்சியோடு நிறுத்துவது நியாயமாகாது. லாமிங்தான் இதன் மறுபக்கத்தையும் சொன்னார். இந்த ஏற்பாடு சர்க்கரை மாதிரி என்றார். கரும்பு எங்கள் மண்ணில் விளையும். வெட்டிக் கப்பலேற்றுவார்கள். வெள்ளைக்காரன் ஊரில் சுத்திகரித்து, பளபளவென்று திருப்பி அனுப்புவார்கள். நாங்கள் வாங்கிக்கொள்வோம். கதையும் அப்படித்தான் போய் வந்தது. எது நல்ல கரீபியக் கதை என்று முடிவு செய்தவர் லண்டனில் உட்கார்ந்திருந்த ஓர் ஐரிஷ்காரர். அவர் நல்லவர், நேர்மையானவர். ஆனாலும் சல்லடை அவர் கையில். 'ஊர் மணம்' என்று அவர் கேட்கக் கேட்க, அதற்கென்றே ஊர் மணத்தைப் பூசி எழுதியவர்களும் இருந்தார்கள் என்று குற்றச்சாட்டு உண்டு. பெண் எழுத்தாளர்கள் யூனா மார்சனுக்குப் பிறகு ஓரத்துக்குப் போனார்கள். இதைக் கேட்கும் வசதி எத்தனை வீட்டில் இருந்தது என்பதும் கேள்விதான். ஏழை வீடுகளில் சிற்றலைப் பெட்டி ஏது?

இருந்தும், இந்த நிகழ்ச்சியை நம்பிப் பேனா எடுத்தவர்கள் பட்டியலைப் பார்த்தால் அந்தக் குறைகளோடு சேர்த்தே அதை நேசிக்கத் தோன்றுகிறது. பதினைந்து ஆண்டில் சுமார் 400 கதைகளும் கவிதைகளும். லாமிங், செல்வோன், பிராத்வெய்ட், ஆண்ட்ரூ சால்கி, எட்கர் மிட்டல்ஹோல்சர். செயின்ட் லூசியாவில் அம்மாவிடம் பணம் வாங்கி 1948இல் தானே கவிதைப் புத்தகம் அச்சடித்து விற்ற டெரிக் வால்காட் என்ற பதினெட்டு வயதுப் பையனின் கவிதைகளும் ஸ்வான்சி கைக்கு வந்து ஒலிபரப்பாகின. 1992இல் அவருக்கு நோபல் பரிசு. 1954இல் ஸ்வான்சி ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டுக்கு, இன்றைய கானாவுக்கு, மாற்றலாகிப் போனார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. அந்நாட்டு வானொலியில் இலக்கிய நிகழ்ச்சி தொடங்கினார். அதில் வந்தவற்றைத் தொகுத்து 1958இல் 'வாய்சஸ் ஆஃப் கானா' என்று புத்தகமாக்கினார்.

இதே காலத்தில் தமிழ் எங்கே இருந்தது? அதே பிபிசியில்தான் இருந்தது. 1941 மே 3 அன்று லண்டனிலிருந்து தமிழ் ஒலிபரப்பு தொடங்கியது. அதற்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்தவர் இலங்கையரான சோ. சிவபாதசுந்தரம். 'ஈழகேசரி' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர், இலங்கை வானொலியில் பணிபுரிந்தவர், 1954இல் 'ஒலிபரப்புக் கலை' என்று தமிழில் இந்தத் தொழிலுக்கே ஒரு நூல் எழுதியவர். எழுதுவதுபோல் பேசாதே, பேசுவதுபோல் எழுது என்பதை வானொலிக்காரர்கள் அனுபவத்தில் கண்ட நாட்கள் அவை. 2017 ஏப்ரல் 30 அன்று தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. கடைசி நாள் இரவு வீட்டில் பழைய பெட்டியைத் துடைத்து, பேட்டரி போட்டு உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன்.

நம் வானொலி நிலையங்களிலும் எழுத்தாளர்கள் இருந்தார்கள். தி. ஜானகிராமன் சென்னையிலும் பிறகு டெல்லியிலும் அகில இந்திய வானொலியில் கல்வி ஒலிபரப்பைக் கவனித்தார். அகிலன் சென்னை நிலையத்தில் வேலை பார்த்தார். ஜானகிராமனின் உரையாடலில் இரண்டு பேர் பேசினால் யார் பேசுகிறார்கள் என்று சொல்ல வேண்டியதே இல்லை. அந்தக் காது வானொலிக்கு முன்பே அவருக்கு இருந்தது, சங்கீதத்தில் வந்தது. எனவே அதை வானொலிக் கணக்கில் எழுத நான் துணிய மாட்டேன்.

இலங்கையின் கதை வேறு. கொழும்பு வானொலியில் யாழ்ப்பாணப் பேச்சு நாடகமாக ஒலித்தபோது 'கரீபியன் வாய்சஸ்' செய்ததற்கு மிக அருகில் நாம் வந்தோம். 'சானா' என்ற சண்முகநாதன் தயாரிப்பாளர். இலங்கையர்கோன் எழுதிய 'விதானையார் வீட்டில்', பிறகு சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' என்று தொடர் நாடகங்கள் வந்தன. சென்னைப் பத்திரிகைகள் நிர்ணயித்த தமிழ் ஒன்றுதான் இலக்கியத் தமிழ் என்று இருந்த நாளில், 'என்ன மேனை, எங்கை போறியள்' என்பதுபோன்ற பேச்சு காற்றில் வந்தால் கேட்பவருக்கு என்ன ஆகும்? பார்படோஸில் ஆனதுதான் ஆகும். அந்தத் தொடர்கள் ஒலித்த நேரத்தில் யாழ்ப்பாணத்துத் தெருவில் ஒரு வீட்டில் விட்டதை அடுத்த வீட்டில் தொடர்ந்து கேட்டபடி நடக்கலாமாம். மூத்தவர்கள் பலர் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இவற்றில் இன்று நம் காதுக்கு எது மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கும்போதுதான் துக்கம். வானொலிக்கு நாடா விலையுயர்ந்த பொருள். பதிவு செய்தார்கள், ஒலிபரப்பினார்கள், அழித்துவிட்டு அதன்மேலேயே அடுத்ததைப் பதிந்தார்கள். எல்லா நாட்டிலும் இதுதான் வழக்கம். பாரதியின் குரல் ஒலித்தட்டில் இல்லை, அவர் காலம் அப்படி என்று மனதைத் தேற்றிக்கொள்கிறோம். ஆர்வெல்லுக்கு என்ன சமாதானம்? இரண்டு வருடம் உலகத்தின் மிகப் பெரிய ஒலிபரப்பு நிறுவனத்தில், ஒலிவாங்கிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை செய்தவர். தானே பேசியும் இருக்கிறார். அவர் குரலின் ஒரு பதிவுகூட இன்று உலகில் கிடைக்கவில்லை.

மிஞ்சியது காகிதம். போர்க்காலத்தில் எதையும் எழுதி, தணிக்கையாளரிடம் முத்திரை வாங்கித்தான் வாசிக்க முடியும். அந்தக் கட்டுப்பாடு ஒரு நன்மை செய்தது. ரெடிங் நகருக்கு அருகே கேவர்ஷம் என்ற இடத்தில் உள்ள பிபிசி ஆவணக் காப்பகத்தில் அந்தத் தட்டச்சுப் பிரதிகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. ஆர்வெல்லின் ஒலிபரப்பு எழுத்துகள் அங்கே கண்டெடுக்கப்பட்டு 1985இல் புத்தகமாயின. 'கரீபியன் வாய்சஸ்' பிரதிகளும் அப்படியே காப்பாற்றப்பட்டன. குரல் போயிற்று, வாசித்த தாள் இருக்கிறது. இன்று கரீபிய இலக்கியத்தின் தொடக்கத்தை ஆராய்கிறவர்கள் ஒரு வானொலி நிகழ்ச்சியைக் கண்ணால் படித்துத்தான் ஆராய்கிறார்கள்.

சென்னை, திருச்சி, திருநெல்வேலி, கொழும்பு நிலையங்களின் பழைய உரைகளையும் நாடகப் பிரதிகளையும் நினைத்துப் பாருங்கள். எழுதியவர் வீட்டுப் பரணில் கார்பன் பிரதி ஒன்று இருக்கக்கூடும். நீல எழுத்து மங்கியிருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது வானொலிக்கு எழுதியவர் என்றால் பழைய தாளோடு சேர்த்து எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால்கூடப் போதும்.

ஸ்வான்சி போன பிறகு 'கரீபியன் வாய்சஸ்' நிகழ்ச்சியைத் தொகுக்க ஓர் இளைஞன் வந்தான். வயது 22. டிரினிடாட்டுக்குக் கரும்பு வெட்டப் போன இந்தியக் கூலிகளின் வழி வந்தவன், ஆக்ஸ்ஃபோர்டில் படித்து முடித்திருந்தான், கையில் காசில்லை. பெயர் வி. எஸ். நைபால். அவன் தந்தை சீபெர்சாத் பத்திரிகைக்காரர், எழுத்தாளர் ஆக வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கத் தவித்தவர். அவர் கதைகளைக் காற்றில் ஏற்றியது இதே நிகழ்ச்சிதான். மகன் வேலைக்குச் சேரும்போது அவர் உயிரோடு இல்லை, முந்தைய வருடமே போய்விட்டார்.

பிபிசி எதிரே லாங்கம் என்ற பழைய ஓட்டல் கட்டடத்தில், தினக்கூலி எழுத்தாளர்களுக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். 1955இல் ஒரு பிற்பகல் நைபால் அங்கே தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தான். எத்தனையோ முறை எழுதித் தோற்றிருந்தான். பிபிசியின் ஸ்கிரிப்ட் தாளை உருளையில் செருகினான். அது சாதாரணக் காகிதம் இல்லை. ஒலிவாங்கிக்கு முன்னால் புரட்டும்போது சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காக வழவழப்பாகச் செய்த, சலசலக்காத காகிதம். என்ன எழுதுவதென்று தெரியாமல், சிறுவயதில் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பார்த்த காட்சி ஒன்றை ஒரு வாக்கியமாக அடித்தான். 'மிகெல் ஸ்ட்ரீட்' என்ற புத்தகத்துக்கு அதுவே தொடக்கமாயிற்று. ஹாட் என்பவன் தினமும் காலையில் எழுந்து, பின்பக்கத் தாழ்வாரக் கைப்பிடியில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்து என்ன சேதி என்று உரக்கக் கூப்பிடுவான்.